மூன்று பாஸ்போர்ட், ஒரு டிராயர்

எங்கள் வீட்டு பாஸ்போர்ட்டுகள் என் மேசை டிராயரில்தான் இருக்கும். என்னுடையது, மனைவியுடையது, ஆறு வயது மகளுடையது. நியூஜெர்சிக்குக் குடிவந்த நாளிலிருந்தே சாவியும் என்னிடம். "பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பெருமைக்கு 2018இல் அபராதம் கட்டியவள் அவள்.

அந்த வருடம் மே 21. என் எச்-1பி வேலை விசா நீட்டிப்புக்காக லாயர் எல்லோருடைய ஐ-94 நகலையும் கேட்டிருந்தார். அரசு இணையதளத்தில் ஒவ்வொரு பாஸ்போர்ட் எண்ணாக அடித்து எடுத்தேன். எனக்குத் தங்க அனுமதி 2018 அக்டோபர்வரை. மகளுக்கும் அதே. மனைவிக்கு 2018 ஜனவரி 14. தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். அதே தேதி.

அவளுடைய பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். முந்தைய ஜூனில் ஊரிலிருந்து திரும்பியபோது விமான நிலையத்தில் குத்திய முத்திரை. அதற்குள் அதிகாரி நீலப் பேனாவால் தெளிவாக எழுதியிருந்தார்: ஜனவரி 14. பதினோரு மாதமாக அது என் டிராயருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, வாசல்வரை வந்து கதவைத் தட்டத்தான். உள்ளே எதுவரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. விசா அக்டோபர்வரை இருந்தாலும், பாஸ்போர்ட் ஜனவரியில் முடிந்தால் அதிகாரி அந்த நாளோடு நிறுத்திவிடலாம். நவம்பரில் அவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தோம். ஆனால் அதனால் ஐ-94 தானாக நீளாது. அம்மா சுற்றுலா விசாவில் வந்தபோது, "பத்து வருஷ விசாதாம்மா, ஆனா ஒரு தடவைக்கு ஆறு மாசம்தான்" என்று பாடம் எடுத்தவனே நான்தான்.

லாயர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அனுமதி முடிந்து 127 நாள் ஆகிவிட்டது. 180 நாளைத் தாண்டியபின் வெளியேறினால் மூன்று வருடம் திரும்ப நுழைய முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனால் பத்து வருடம். அதனால் ஜூலை 13தான் கெடு. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி மனுப் போடலாம், கிடைக்கும் என்று உறுதியில்லை. கிளம்பிப் போய் வருவதே மேல். ஆனால் நாள் கடந்து தங்கியதால் கையிலிருக்கும் விசாவும் செல்லாது. ஊரில் புதிதாக விசா ஸ்டாம்பிங் போக வேண்டும்.

அன்று இரவு நான் செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது. "உன் பாஸ்போர்ட்தானே, ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரை வடித்துவிட்டுக் கேட்டாள்: "அதை எப்பங்க என் கையில குடுத்தீங்க?"

திருச்சியில் எட்டு வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவள். மூன்று மாதம் கடந்த செக்கை ஒரே பார்வையில் திருப்பி அனுப்பியவள். அந்த நீலப் பேனாத் தேதி அவள் கண்ணில் பட்டிருந்தால் தப்பியிருக்காது.

எச்-1பியில் வருபவரின் துணைக்கும், திருமணமாகாத, 21 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் கொடுப்பது எச்-4. நம் பேச்சில் 'டிபெண்டென்ட் விசா'. அவளுடையதும் அதுதான். கம்பெனி மாற்றலில் எல்-1இல் வந்த பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி, எல்-2இல் இருந்துகொண்டே வேலை அனுமதி வாங்கி வேலைக்குப் போனார். எச்-4காரர்களுக்கு அந்த வழி திறந்ததே 2015 மே மாதம்தான். அதுவும் பெரும்பாலும் கணவனின் கிரீன் கார்டு வரிசையில் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால்தான். எனக்கு அது ஆகியிருக்கவில்லை. அவள் வேலைக்குப் போகக் கூடாது என்றது அமெரிக்கச் சட்டம். டிராயரைத் திறக்கக் கூடாது என்றது நான்.

ஜூன் 5 அன்று தனியாக விமானம் ஏறினாள். மகள் என்னோடு. விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: அனுமதித்த நாளுக்கு மேல் அமெரிக்காவில் தங்கியதுண்டா? போனில் நான் இழுத்தேன். "அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்க. இல்லைன்னு போட்டா அதுதான் பொய்" என்று 'ஆம்' போட்டாள். முதல் முறையாகத் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள்.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், அதிகாரி எதிர்பார்த்தபடியே அதைத்தான் முதலில் கேட்டாராம். பழைய பாஸ்போர்ட், புதியது, லாயர் கடிதம் மூன்றையும் வரிசையாக வைத்து, தேதி தேதியாகச் சொல்லியிருக்கிறாள். விசா கிடைத்தது. ஆறு வாரம் உப்பில்லாத சாம்பாரும் கோணல் சடையுமாக இருந்த மகள், விமான நிலையத்தில் அம்மாவை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்தவள் பெட்டியைத் திறக்குமுன் லேப்டாப்பைத் திறந்து தன் ஐ-94ஐப் பார்த்தாள். பிறகு டிராயர் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன்.

மறுநாள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே பாஸ்போர்ட், விசா, ஐ-94 என மூன்று தேதி. அவற்றில் ஒன்றை மட்டும் சிவப்பில் சுழித்திருந்தாள். அடுத்த மார்ச்சில் முடியப்போகிற என் பாஸ்போர்ட். நான் கவனித்திருக்கவில்லை.