முக்கி முக்கி ஓடினா மெடல் வருமா?

புதுவாயல் பக்கம் நெடுந்தூர ஓட்டம் பழகுற பசங்க நிறைய. பலர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகள்ல ஷிப்ட் பார்க்கிறவங்க. குறி, மாவட்டப் போட்டியில 5000 மீட்டர். பயிற்சின்னா தினமும் மூச்சு முட்ட ஒரே ஓட்டம். ரெண்டு மாசத்துல முழங்காலுக்குக் கீழ எலும்பு வலின்னு பாதிப் பேர் காணாமப் போயிடறாங்க.

வேகமா ஓட வேகமாத்தானே பழகணும்? செக் நாட்டு எமில் ஜாட்டோபெக் 400 மீட்டரை டஜன் கணக்குல ஓடிப் பழகினார். நடுநடுவே மெதுவோட்டம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மாரத்தான் மூணுலயும் தங்கம். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வேற ரூட்டு. முதல்ல வாரத்துக்கு 160 கி.மீ. வரை நிதானமான நீண்ட ஓட்டம். கடும் வேகம் போட்டி நெருங்கும்போதுதான். அவர்கிட்ட பழகின ஸ்னெல் 800லயும் ஹால்பெர்க் 5000லயும் 1960 ரோமில் ஒரே நாள்ல ஜெயிச்சாங்க. இப்போ நார்வேக்காரங்க சொட்டு ரத்தத்துல லாக்டேட் அளந்து வேகத்துக்குக் கடிவாளம் போடறாங்க. யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் 2024 பாரீஸில் 5000 மீட்டர் தங்கம் வாங்கினது அப்படிப் பழகித்தான்.

மூணுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. யாரும் தினமும் உயிரை விட்டு ஓடலை! ஜாட்டோபெக்கோட அத்தனை 400ம் முழு வேகமா இருந்தா அந்த எண்ணிக்கை தாங்கியிருக்காது.

எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி நிக்கிற நம்ம பையனுக்கு 160 கி.மீ. ஆகாது. லாக்டேட் மீட்டரும் வேணாம். பக்கத்துல ஓடுறவன்கிட்ட பேச முடியற வேகத்துல நாலு நாள், வேகமா ரெண்டு நாள், ஒரு நாள் ஓய்வு. நம்ம ஊர் புழுக்கத்துல அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாத் துடிக்கும், அதனால வாட்சைவிட மூச்சை நம்பலாம். நைட் ஷிப்ட் முடிஞ்ச காலையில ஓட்டத்தைவிடத் தூக்கம்தாங்க பெரிய பயிற்சி.