டோப்ரின்யாவைக் கிழித்த கோடு

போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது டோப்ரின்யா. 1984 குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டு எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. பால்கனிகளில் துணி காய்கிறது. சுவர்களில் குண்டு துளைத்த குழிகள் சிலவற்றைப் பூசியிருக்கிறார்கள். பல அப்படியே கிடக்கின்றன.

சரயேவோ முற்றுகை 1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி வரை நீண்டது. முற்றுகைக்குள் ஒரு முற்றுகையாக டோப்ரின்யா நகரத்திலிருந்தும் துண்டிக்கப்பட்டது. இடுகாட்டுக்குப் போக வழியில்லாமல், இறந்தவர்களைக் கட்டடங்களுக்கு நடுவே இருந்த புல்தரையிலேயே புதைத்தார்கள். 1993 ஜூன் 1 அன்று பையன்கள் கால்பந்து ஆடிய இடத்தில் ஷெல் விழுந்தது. ஆறு வாரம் கழித்து, தண்ணீருக்கு நின்ற வரிசையில். இரண்டிலும் பத்துக்கு மேல் உயிர்கள் போயின. அந்த வருடம்தான் விமான ஓடுதளத்துக்கு அடியில் 800 மீட்டர் சுரங்கம் வெட்டினார்கள். குனிந்தபடி மாவும் மருந்தும் சுமந்து வந்த அந்த வழியால்தான் நகரம் பிழைத்தது.

என்னோடு நடந்துவந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை சொன்னார்: "எங்க கட்டடத்துல மூணு தரப்பு ஆளுங்களும் இருந்தோம். நிலவறையில ஒரே அடுப்புலதான் சமைச்சோம். விறகு தீர்ந்ததும் நாற்காலிகளை உடைச்சு எரிச்சோம்."

செர்பியர், குரோவாசியர், போஸ்னிய முஸ்லிம்கள் என்று மூன்றாகப் பிரித்து, நூற்றாண்டுப் பகை வெடித்தது என்று செய்தி எழுதுவது எங்கள் தொழிலில் சுலபம். அதை நான் ஏற்கவில்லை. சுட்டவர் யார் என்பதில் குழப்பமில்லை. மலைகளிலிருந்து நகரத்தைத் தாக்கிய போஸ்னிய செர்பியப் படையின் தளபதி ஸ்டானிஸ்லாவ் காலிச்சுக்கு ஹேக் தீர்ப்பாயம் 2006-இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதித்தது. அதே நேரம் நகரத்தைக் காத்த தளபதிகளில் ஒருவரான யோவான் திவ்யாக்கும் செர்பியர்தான். 'ஒஸ்லோபொஜெனியே' நாளிதழை மூன்று தரப்புப் பத்திரிகையாளர்களும் சேர்ந்து, இடிந்த அலுவலகத்தின் நிலவறையிலிருந்து கொண்டுவந்தார்கள்.

போருக்கு முன்பு இந்தக் கட்டடங்களில் இப்படியொரு பிரிவினை இருந்ததில்லை. போர் அதை உண்டாக்கியது. சமாதானம் அதற்கு முத்திரை குத்தியது. 1995 டேட்டன் ஒப்பந்தம் நாட்டை இரண்டாகப் பிரித்த எல்லைக்கோடு டோப்ரின்யாவின் வீடுகளுக்குள்ளேயே புகுந்து போனது. 2001-இல் நடுவர் ஒருவர் வந்து அதை நகர்த்த வேண்டியிருந்தது.

பள்ளிகளில் அந்தக் கோட்டை நகர்த்த யாரும் வரவில்லை. நாட்டின் சில ஊர்களில் ஒரே கூரையின் கீழ் இனவாரியாக இரண்டு பள்ளிகள்: தனித்தனி வகுப்பு, தனித்தனிப் பாடத்திட்டம், சில இடங்களில் தனித்தனி வாசல். ஆசிரியைக்கு அமைதி கலைந்தது இதைச் சொன்னபோதுதான். "நாங்க நிலவறையில சேர்ந்து உட்கார்ந்திருந்தது இதுக்கா?"

யாய்ட்சே என்ற சிறுநகரில் 2016-இல் இன்னொரு பிரிந்த பள்ளி வர இருந்தது. மாணவர்களே தெருவில் இறங்கினார்கள். மறுவருடம் திட்டம் கைவிடப்பட்டது. என் பத்திரிகை முற்றுகையைப் பற்றித்தான் கட்டுரை கேட்டிருந்தது. நான் அந்தப் பிள்ளைகளைப் பற்றி முதலில் எழுதி அனுப்பினேன்.