எண்ணிக் கழிக்கும் கயிறு

நெரவியைச் சுற்றி மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. வயலும் வாய்க்காலும் கிழக்கே கடலும்தான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு பஞ்சி ஜம்பிங் ஆசை வந்தால் ரிஷிகேஷுக்குத்தான் ரயிலேற வேண்டும். அங்கே மோகன்சட்டியில் 83 மீட்டர் உயர மேடையிலிருந்து 2010 முதல் குதிக்க விடுகிறார்கள். ஒரு கயிற்றை நம்பி உயிரை ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்கோ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் நெரவியில்தான் இருக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் டன் கணக்கான குழாய்களை ஏற்றி இறக்குவது ஓர் இரும்புக் கயிறு. அது இற்றுப்போகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. எத்தனை டன் எடையை எவ்வளவு தூரம் தூக்கியது என்று ‘டன்-மைல்’ கணக்கு எழுதிவருவார்கள். கணக்கு வரம்பைத் தொட்டதும் இருப்புச் சுருளிலிருந்து புதுக்கயிற்றை நகர்த்திவிட்டு, உழைத்த பகுதியை வெட்டி எறிவார்கள். பார்வைக்கு அது நன்றாகவே இருந்தாலும் வெட்டுவார்கள். பஞ்சிக் கயிற்றுக்கும் பாதுகாப்பு என்பது இந்தக் கணக்குதான், அதன் பருமன் அல்ல என்பது என் கட்சி.

‘நல்ல கெட்டியான கயிறாகப் போட்டால் தீர்ந்தது’ என்பவர்கள் உண்டு. கெட்டியான கயிறு ஆளைக் காப்பாற்றாது, முறித்துவிடும். பஞ்சிக் கயிறு நூற்றுக்கணக்கான இயற்கை ரப்பர் இழைகளைச் சேர்த்துக் கட்டியது. விழும் வேகத்தை நீண்டு நீண்டு வாங்கிக்கொள்வதே அதன் வேலை. எண்பது கிலோ ஆளுக்கான கயிற்றில் நாற்பது கிலோ பெண் குதித்தால் இடுப்பும் முதுகும் அதிரும். மாற்றிக் கட்டினால் எண்பது கிலோக்காரர் தரையைத் தொட்டுவிடுவார். அதனால்தான் ஒழுங்கான இடங்களில் எடையை இரண்டு முறை பார்த்து, கைமேலேயே எழுதிவிடுகிறார்கள். ரப்பரும் என்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குதிக்கக் குதிக்கத் தளர்ந்து, அதே எடையுள்ள ஆளைச் சற்றுக் கூடுதல் ஆழத்துக்கு இறக்கும். வெயில் அதைக் கெடுக்கும். காற்றிலுள்ள ஓசோன், இழுபட்ட ரப்பரில் குறுக்குவாட்டில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். இதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் எத்தனை குதிப்பு, எத்தனை மணி நேர வெயில் என்ற பதிவேடு மட்டுமே.

இந்த விளையாட்டின் மூலத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. வனுவாட்டு நாட்டின் பெந்தகோஸ்து தீவில் காலில் கொடியைக் கட்டிக்கொண்டு மரக்கோபுரத்திலிருந்து குதிப்பது வள்ளிக்கிழங்கு அறுவடையை ஒட்டிய சடங்கு. கொடி பதமாக இருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் அதற்குக் காலம். 1974 பிப்ரவரியில் எலிசபெத் ராணி வருகிறார் என்று பருவம் தப்பிக் குதிக்க வைத்தார்கள். கொடி அறுந்து விழுந்தவர் பிழைக்கவில்லை. 1979இல் பிரிஸ்டல் நகரத்துக் கிளிஃப்டன் பாலத்திலிருந்து ரப்பர் கயிற்றில் குதித்த ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்கள் அந்தத் தீவிலிருந்து துணிச்சலை எடுத்துக்கொண்டார்கள். பருவம் பார்க்கும் பொறுமை அதோடு வந்ததா என்பது வேறு விஷயம்.

‘அறுந்த கயிறுகள் மிகக் குறைவு, விபத்துகளில் பல ஆட்களின் பிழையால் வந்தவை’ என்ற மறுப்பு வலுவானது. 1997இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு பஞ்சிக் காட்சியின் ஒத்திகையில் ஒரு பெண் இறந்ததற்குக் காரணம் கயிறு அறுந்தது அல்ல, கயிற்றைக் கையாண்டதில் நேர்ந்த பிழை. 2015இல் ஸ்பெயினில் ஒரு சிறுமி, பயிற்றுநர் சொன்னதைத் தவறாகக் கேட்டு, கயிற்றைப் பாலத்தோடு பிணைக்கும் முன்பே குதித்துவிட்டாள். ஆனால் இவை என் வாதத்தை உடைக்கவில்லை. எடை, நீளம், பிணைப்பு ஒவ்வொன்றையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஆள் விளிம்புக்கு வரலாம் என்பதும் அதே பதிவேட்டின் இன்னொரு பக்கம். கயிறு நிஜமாகவே அறுந்த இடத்திலும் பாருங்கள். 2011 டிசம்பர் 31 அன்று விக்டோரியா அருவிப் பாலத்தின் 111 மீட்டர் உயரத்திலிருந்து குதித்த ஆஸ்திரேலியப் பெண்ணின் கயிறு அறுந்தது. கால்கள் கட்டியபடியே சாம்பேசி ஆற்றில் விழுந்து, நீந்திக் கரையேறினார். அதற்குப் பிறகு ஜாம்பியாவின் சுற்றுலா அமைச்சர் அதே பாலத்திலிருந்து தானே குதித்துக் காட்டினார். தைரியசாலிதான். ஆனால் அவர் குதித்ததால் தெரியவந்தது அவருடைய கயிறு அன்றைக்கு அறவில்லை என்பது மட்டுமே.

பதிவேட்டைக் கம்பெனிக்காரரே எழுதினால் அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயம்தான். ரிக்கில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆள் உண்டு: 2017ஆம் ஆண்டு எண்ணெய்ச் சுரங்க விதிகளின்படி சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஆய்வாளர் எந்த நேரமும் வந்து நிற்கலாம். பஞ்சிக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018இல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. வழிகாட்டுதல், சட்டம் அல்ல. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு விதி எழுதியது. பஞ்சிக் கயிற்றின் பதிவேட்டைக் கேட்கும் அதிகாரத்தை ஓர் ஆய்வாளருக்குக் கொடுக்க அப்படி ஒரு சாவு தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்விகளும் இரண்டே: இந்தக் கயிறு இதுவரை எத்தனை முறை குதித்தது, எத்தனையாவதில் வெட்டப்போகிறீர்கள்?