உம்மாவின் காலில் இருந்த புள்ளிகள்

ஹட்டனில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அட்டை புதிதல்ல. மழைக் காலத்தில் தோட்டப் பாதையில் நாலு எட்டு வைத்தால் போதும், காலில் ஏறிவிடும். அதனால்தான் உம்மாவின் இரண்டு கால்களிலும், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் இருந்த கபில நிறப் புள்ளிகளை நான் பெரிதாக எடுக்கவில்லை.

"அட்டை கடிச்ச தழும்பு மகள். நோவுமில்ல, அரிப்புமில்ல" என்பார் உம்மா. நானும் நம்பினேன்.

உம்மாவுக்குச் சீனி வியாதி வந்து 14 வருடங்கள். மாத்திரை தவறமாட்டார். ஆனால் சீனி போடாத தேநீர் தொண்டையில் இறங்காது. மாதா மாதம் கிளினிக் போனாலும் கால்களைக் காட்டியதில்லை. கரண்டைக்கு மேல் உடுப்பை உயர்த்த வெட்கம்!

ஒரு நாள் அரிசியில் கல் தெரியவில்லை என்றார். வயதுக் கோளாறு என்று எண்ணிக் கண்ணாடி வாங்கப் போனோம். பரிசோதித்த லேடி டொக்டர், கண்ணின் உள்ளே நுண்ணிய குழாய்களில் இரத்தம் கசிந்திருப்பதாகச் சொன்னார். பிறகு, "கால்களையும் பார்க்கலாமா?" என்று கேட்டார். அன்றுதான் விளங்கியது, அது அட்டைத் தழும்பல்ல என்று.

சகோதரிகளே! சீனி நெடுநாள் கூடியிருந்தால் உடம்பின் மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. இந்தப் புள்ளிகள் அதோடு தொடர்புடையவை. சுவீடன் நாட்டு வைத்தியர் மெலின் 1964இல் இவற்றை விபரித்தார். வட்டமாக, சற்றுப் பள்ளமாக இருக்கும். மருந்து பூசத் தேவையில்லை. புள்ளியால் ஆபத்துமில்லை. ஆனால் அதே பழுது கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் இருக்கலாம். அவற்றைச் சோதிக்க வேண்டும். சீனி இல்லாதவர்களுக்கும் சிலவேளை இப்படிப் புள்ளி வரலாம். பயப்படாமல் இரத்தத்தைச் சோதியுங்கள்.

எங்கள் மலைநாட்டுக் குளிரில் இன்னொரு கவனமும் தேவை. நரம்பு பழுதான காலுக்குச் சூடு தெரியாது. அடுப்படியில் காலை நீட்டிக் குளிர் காயக் கூடாது. சுடுதண்ணீர்ப் போத்தலும் வைக்கக் கூடாது. வுழூவுக்கு எடுக்கும் வெந்நீரை முதலில் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். காலைக் கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்கட்டும். அட்டை கடித்த சிறு காயத்தையும் ஆறும்வரை கவனிக்க வேண்டும்.

உம்மாவின் கண்ணுக்கு லேசர் சிகிச்சை நடந்தது. போன பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இருப்பது நிலைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு அவரது கால்களை என் மடியில் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கால் வரை பார்க்கிறேன். தேநீரிலும் சீனி இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பே இப்படிப் பார்த்திருக்கலாமே என்ற கவலை மட்டும் எனக்குப் போகவில்லை. உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் உம்மாவின், மாமியின் கால்களை இன்றிரவே பாருங்கள். மகளிடம் என்ன வெட்கம்?