நரைக்கு மருந்து

ஐம்பதை நெருங்கும் என் தலைக்குக் கீழ்பென்னாத்தூரில் ஆலோசனைக்குக் குறைவில்லை. “மகளுக்கு வரன் பார்க்கும் நேரம், டை அடித்துக்கொண்டால் பத்து வயது குறையுமே” என்கின்றனர் உறவினர். அடிக்கலாம். ஆனால் கருஞ்சாயங்கள் பலவற்றிலுள்ள பாராபினைலின்டையமின் சிலர் தோலுக்கு ஒவ்வாது; காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிடுவது நலம்.

மெலனின் என்னும் நிறமி குறைவதால் முடி வெளுக்கிறது, அது இயற்கை. எனினும், வயதாகியும் நரைக்காதது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் தந்த விடை (புறநானூறு 191) தைலம் எதனையும் சுட்டவில்லை. நற்குண மனைவி, அறிவு நிறைந்த பிள்ளைகள், மனமறிந்து நடக்கும் ஏவலர், தீங்கிழைக்காத அரசன், அடக்கமுள்ள சான்றோர் வாழும் ஊர் என அவர் அடுக்கியதெல்லாம் மனிதர்களையே. இளமை அவருக்குப் பிறர் அளித்த கொடை.

என் மனைவியோ, வரன் வீட்டார் கேட்கும் சவரன்களை எண்ணியபடி இரவெல்லாம் விழித்திருக்கிறாள். அவள் நெற்றியோர நரையைச் சாயம் மறைக்கும். கண்ணடியில் படர்ந்த கருமையை எது மறைக்கும்?

மகனைப் பெற்றவர்களே! “பொன் வேண்டாம், பெண் போதும்” என்று ஒரு சொல் சொல்லுங்கள். ஒரு தாயின் முகத்தில் பத்து வயது குறைவதை அப்போதே காண்பீர்கள்.