இறங்க மறுத்த பாய்

புறநானூற்றின் முப்பதாம் பாட்டைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. மேற்பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகாருக்குள் நுழையும் பெருங்கப்பல் ஒன்று அதில் வரும். துறையின் ஆழத்திற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். பாயை இறக்குவதென்றால் என்ன என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. எனக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை. சன்னல் திரையை இழுத்துவிடுவதைப் போன்ற ஏதோ ஒரு காரியம் என்றுதான் நினைத்திருந்தேன் போலும்.

அந்த அறியாமைக்கு 2023 ஆகஸ்டில் விலை கொடுத்தவர் நானல்லன். என் மூத்த நண்பர்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வூதியப் பணத்தில் பிறர் வீட்டுக்கு மாடி எடுப்பார்கள். இவர் ஊர் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து இருபத்துநான்கு அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கினார். புதுச்சேரி தேங்காய்த்திட்டில் அது கட்டிக் கிடக்கும். ஞாயிறுகளில் நானும் உடன் செல்வேன். அவர் பாயை ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் முகம் சிவந்து மூச்சு வாங்கும். வயது அறுபத்தாறு. அதை வயதின் குறையாகவே இருவரும் எடுத்துக்கொண்டோம்.

அன்று மாலை கடற்காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தோம். மேற்கே, கரைக்கு அப்பால், வானம் மசியைக் கொட்டியதுபோல் கறுத்தது. கோடைக்காலத்து இடிமழை நிலத்திலிருந்து கடலுக்குள் இறங்கும் நேரம். அது வந்து மோதுவதற்குள் பாயை இறக்கியாக வேண்டும். காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு இறக்க முடியாது. பாய் நிறைந்து நின்று பாய்மரத்தின் பக்கக் கம்பிகளில் அழுந்திக்கொள்ளும். படகைக் காற்றுக்கு நேரே திருப்ப வேண்டும். சுக்கான்பிடி என் கையில் இருந்தது. "காற்றுக்கு முகம் கொடுங்கள்!" என்று கத்தினார். பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்று பலமுறை சொல்லித் தந்திருக்கிறார். அந்தக் கணத்தில் எனக்கு அது தலைகீழாயிற்று. படகு எதிர்ப்பக்கம் சுழல, பாயின் அடியைத் தாங்கும் நீண்ட தண்டு எங்கள் தலைக்கு மேலாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு வீசியடித்தது. அரை அடி தாழ்ந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒருவழியாகப் படகைக் காற்றுக்கு முகமாக நிறுத்தினேன். அவர் கயிற்றை அவிழ்த்தார். பாய் மூன்றில் ஒரு பங்கு இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. அப்போதுதான் நிலக்காற்று வந்து அறைந்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. அவர் பாயை இரு கைகளாலும் பற்றி அதில் தொங்கினார். பாய் இறங்கியது, அவருடைய வலத்தோளின் தசைநாணும் கிழிந்தது. மீன்பிடிப் படகொன்று எங்களைக் கயிறு கட்டி இழுத்துவந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பின் அவருடைய மகன் பெங்களூரிலிருந்து வந்து, படகை விற்றுவிடலாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால் மறுப்பது இன்னும் கடினமாக இருந்தது. நண்பர் பொங்கல்வரை தவணை கேட்டார். ஒரு கையால் பாயை ஏற்றி, கை வைக்காமலே இறக்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் விற்றுவிடு என்றார்.

இயற்பியல் ஆசிரியர் அல்லவா, முதலில் ஆய்வகத்திலிருந்து ஒரு சுருள்வில் தராசை இரவல் வாங்கினார். மடித்த பாயை அதில் தொங்கவிட்டால் ஏழு கிலோ. கயிற்றோடு அதை இணைத்து என்னை இழுக்கச் சொன்னபோது, உச்சிக்கு இரண்டடி இருக்கையில் முள் இருபதைத் தாண்டி நின்றது. ஏழு கிலோவை ஏற்ற இருபது கிலோ எதற்கு? மிச்சப் பதின்மூன்றைத் தேடியதுதான் அடுத்த மூன்று மாத வேலை.

ஒரு பங்கு அந்த அடித்தண்டினுடையது. அதைத் தனியே தூக்கி நிறுத்த ஒரு கயிறு உண்டு. அதைத் தளர விட்டிருந்ததால் கடைசி இரண்டடியில் நாங்கள் பாயோடு தண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டிருந்தோம். தண்டைக் கீழ்நோக்கிப் பிடித்திருக்கும் கயிறுகளையும் நாங்கள் ஒருநாளும் முழுதாகத் தளர்த்தியதில்லை. இன்னொரு பங்கு பாய்மரத்தின் காடியில் இருந்தது. பாயின் முன்விளிம்பில் தைத்த சிறு பிளாஸ்டிக் துண்டுகள் அந்தக் காடிக்குள் வழுக்கி ஏற வேண்டும். அதிலோ பல ஆண்டு உப்பு இறுகிக் கிடந்தது. நன்னீரால் கழுவி, உலர்ந்தபின் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். கிரீஸ் பூசலாமே என்றேன். மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாயும் கறைபடும் என்று தடுத்துவிட்டார். பாய்மரத்தைச் சாய்த்துக் கிடத்தியபோது பெரிய திருடன் அகப்பட்டான். உச்சியிலிருந்த கப்பி சுழலவே இல்லை. எத்தனை ஆண்டுகளாகவோ கயிறு அதன்மேல் உரசிக்கொண்டே ஏறி இறங்கியிருக்கிறது. சக்கரத்தில் கயிறு தின்ற பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

இனி முன்னவர் செய்துவைத்த ஒரு வசதி. பாய்மரத்தடிக்குப் போகாமல் பின்னால் உட்கார்ந்தபடியே இழுப்பதற்காகக் கயிற்றை மேலும் மூன்று கப்பிகளில் வளைத்துக் கொண்டுவந்திருந்தார். அலையில் எழுந்து நடக்க வேண்டியதில்லை என்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வளைவும் ஒரு சுங்கச்சாவடி. நண்பர் மூன்றையும் கழற்றினார். பாய்மரத்தடியில் நின்று நேரே கீழ்நோக்கி இழுத்தால் உடலின் எடையும் சேர்ந்து உதவும், ஒரு கைக்காரனுக்கு அதுவே நல்லது என்றார். இதில் எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. தோள் புண்பட்டவர் அலையில் எழுந்து நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

பாயின் தலையில் ஒரு கப்பியை வைத்துக் கயிற்றை இரட்டித்தால் இழுக்கும் பலம் ஏறக்குறைய பாதியாகும் என்று நானே ஒரு யோசனை சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏற்றும்போது பாதி. இறக்கும்போது? அத்தனை கயிறும் அத்தனை கப்பியும் உரசிக்கொண்டு திரும்ப ஓட வேண்டாமா? ஏற்றுவதற்கு நாம் இருக்கிறோம் ஐயா. இறக்குவதற்குப் புவியீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. அதன் வழியில் எதையும் வைக்கக் கூடாது."

இதையே வேறு சொற்களில் சொன்னவர் துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். இளமையில் பாய் வைத்துக் கடலுக்குப் போனவர். நாங்கள் படும் பாட்டைச் சில நாள் பார்த்திருந்துவிட்டு, "வாத்தியாரய்யா, எங்க பாயி ஏத்துறதுதான் பாடு. ஆஞ்சான அவுத்துவுட்டா பருமலு தன் கனத்துல தானா கீழ வந்துரும். உங்களுது ஏறவும் அடம், எறங்கவும் அடம்" என்றார். ஆஞ்சான் பாயை ஏற்றும் கயிறு, பருமல் பாயைத் தாங்கும் குறுக்குமரம். அகராதியில் பார்த்திருந்த சொற்கள். ஒருவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான். நண்பருடைய பாய்க்கு மேலே பருமல் இல்லை. துணியின் எடையும் சில மெல்லிய பட்டைகளின் எடையும்தான் அதை இறக்க வேண்டும். 1960இல் ஹேஸ்லர் என்ற ஆங்கிலேயர் ஜெஸ்டர் என்னும் இருபத்தைந்து அடிப் படகில் சீனப் பாயைக் கட்டிக்கொண்டு பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாக 48 நாளில் போனார். அந்தப் பாயும் குறுக்குமரங்களின் கனத்தால் விழுவதுதான் என்று நண்பர் சொன்னபோது, பெரியவர் இதில் வியக்க என்ன இருக்கிறது என்பதுபோல வலைக்குத் திரும்பிவிட்டார்.

பருமலுக்கு ஈடாக நண்பர் கண்டது ஒரு மெல்லிய கயிறு. பாயின் தலையில் கட்டி, பாய்மரத்தை ஒட்டியே அடிவரை தொங்கவிட்டார். பாய் பாதியில் நின்றால் அதைச் சுண்டி இழுக்கலாம். துணியில் தொங்க வேண்டியதில்லை. இவ்வளவு பாட்டிலும் மிகக் குறைந்த செலவு அதற்குத்தான்.

2024 சனவரியில் மகன் வந்தார். துறையை விட்டு வெளியே போனதும் சுக்கான்பிடியை என்னிடமே கொடுத்தார் நண்பர். படகைக் காற்றுக்கு முகமாக நிறுத்தினேன், இம்முறை சரியாக. தராசு பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நின்றது. வலக்கையை மார்போடு சேர்த்துக்கொண்டு இடக்கையால் இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் பின் கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு நிறுத்தி, மூச்சு வாங்கி, மீண்டும் இழுத்தார். உதவப் போன என்னைப் பார்க்காமலே, "தொடாதீர்கள்" என்றார். பாய் உச்சியைத் தொட்டது. பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு கணம் பாய் தயங்கியது. மெல்லிய கயிற்றை நோக்கி அவர் கை போகுமுன், தானே சரிந்து தண்டின்மேல் குவிந்தது.

இன்னொரு முறை என்றார் மகன். மூன்றாம் முறை கயிற்றைத் தாமே வாங்கி அவிழ்த்துப் பார்த்தார். விற்பதைப் பற்றி அன்று பேச்சு எழவில்லை. திரும்பும்போது முகத்துவாரத்துக்கு வெளியிலேயே பாயை இறக்கிவிட்டு மோட்டாரைப் போட்டுக்கொண்டோம். உள்ளே மணல்திட்டு இருந்தது.