பாச்சை உருண்டையும் பனியன் ஊரும்!

உங்க அலமாரியைத் திறந்து பாருங்க. அடித்தட்டில் சுருண்டு கிடக்கிற ஒரு டி-ஷர்ட் கண்டிப்பா இருக்கும். டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு அடிச்சது. முதல் நாள் பளபளன்னு லோகோ, பேட்ச் பேர், முதுகில் பஞ்ச் டயலாக்! மூணாவது துவையலுக்கு அப்புறம் லோகோ இருந்த இடத்தில் மங்கலா ஒரு மேகம். 'நெஞ்சுல என்னடா, சாம்பார் கறையா?'ன்னு அம்மா கேட்டிருப்பாங்களே, அதே டி-ஷர்ட்தான்.

எங்க டிபார்ட்மென்ட்டில் அப்படி 64 மேகங்கள் இருக்கு. போன வருஷம் ஆர்டர் கொடுத்த மகானுபாவன்... அடியேன்தான்! ஆளுக்கு 250 ரூபாய் வசூல் பண்ணி, காலேஜ் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். 'சப்ளிமேஷன் பிரின்ட் தம்பி, லைஃப் டைம் கேரன்டி'ன்னார். யாரோட லைஃப் டைம்னு கேட்காமல் விட்டது என் தப்பு.

சீனியர்கள் திட்டினாங்க, பரவாயில்லை. கிளாஸ்மேட்ஸ் கலாய்ச்சாங்க, அதுவும் பழகிப்போச்சு. ஆனா, ஒரு ஜூனியர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லலை. அந்த 250 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தவன் அவன். இப்பவும் ஹாஸ்டலில் அந்த வெளுத்த சட்டையோடுதான் தூங்குறான். மெஸ்ஸுக்குப் போற வழியில் அவன் எதிரே வந்தா, வராத போன்காலுக்கு 'ஹலோ' சொல்லிக்கிட்டே நான் ஒதுங்கிப் போயிடுவேன்.

'கெடுத்தவனே சரி பண்ணட்டும்'னு இந்த வருஷமும் பொறுப்பு என் தலையில் விழுந்துச்சு. பையில் 16,000 ரூபாய், மாதிரிக்கு ஒரு கறுப்பு காட்டன் டி-ஷர்ட், கூடவே ஹாஸ்டல் ரூமில் இருந்த ஒரு பீங்கான் கப். கப் எதுக்குன்னா, இந்த மாசக் கடைசியில் ரிட்டயர் ஆகிற எங்க லேப் அண்ணாவுக்கு போட்டோ போட்டு கிஃப்ட் கொடுக்க. லேபை கட் அடிச்சுட்டு கோயமுத்தூரில் ரயில் ஏறியாச்சு. ஒரு மணி நேரப் பயணம்... திருப்பூர்!

நீங்களும் ஒரு நடை போயிட்டு வாங்க. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஊர் உங்களை உட்கார விடாது. 1932-ல் கொடியைக் கையில் பிடிச்சபடி தடியடி பட்டு உயிரை விட்ட குமரனின் ஊர். அவர் பேரிலேயே சாலை. அந்தச் சாலையில் இன்னிக்குத் தலையில் மூட்டை, டூவீலரில் மூட்டை, மூட்டை மேல் மூட்டை! கொஞ்சம் நடந்தா காதர்பேட்டை. மலை மலையா பனியன். ஏதோ ஒரு நாட்டுக் கடைக்குப் போக வேண்டியது, ஒரு தையல் பிசகினதால் இங்கேயே தங்கிப்போனது. 'செகண்ட்ஸ்'னு அதுக்குப் பேர். ஃபேன்ஸி விலை பேசாம ரெண்டு எடுத்துக்கலாம். நான் கையைக் கட்டிக்கிட்டு நடந்தேன். பையில் இருக்கிறது ஊர்க்காசு பாஸ்!

அங்கேயிருந்து ரெண்டு சந்து தள்ளி அந்த சப்ளிமேஷன் கடை. கடைன்னா பத்துக்குப் பத்து ரூம். ஒரு பிரின்டர், ஒரு ஹீட் பிரஸ், சின்னதா ஒரு மக் பிரஸ். உள்ளே அடுப்படி மாதிரி அனல். பிரஸ் அடிக்கிற அண்ணன் அப்போ ஒரு கபடி டீமுக்கு ஜெர்சி ஓட்டிக்கிட்டு இருந்தார். வெள்ளைத் துணி வெட்டின துண்டுகளா இருந்துச்சு. தைக்கிறதுக்கு முன்னாடியே பிரின்ட் போட்டாத்தான் ஓரம் வரைக்கும் கலர் வருமாம்.

பேப்பரில் அடிச்சிருந்த டிசைனைப் பார்த்தா எனக்கு 'சே'ன்னு ஆயிடுச்சு. வெயிலில் காய்ஞ்ச சுவரொட்டி மாதிரி அழுது வடியுது. எழுத்தெல்லாம் இடம் வலமா மாறிக் கிடக்குது. அவர் அதைத் துணி மேல் கவிழ்த்து, 200 டிகிரியில் பிரஸ்ஸை மூடினார். ஒரு நிமிஷம்கூட ஆகலை, 'பீப்!' சூட்டோடு பேப்பரை ஒரே இழுப்பா உரிச்சார். உள்ளே சிவப்புன்னா அப்படி ஒரு சிவப்பு! பேரும் நம்பரும் நேராகி நிக்குது. பேப்பரில் வெளிறின நிழல்தான் மிச்சம்.

இது எப்படின்னு கேட்டா, ஸ்கூல் சயின்ஸ் புக்கைத் தூசி தட்டுங்க. பதங்கமாதல்! பீரோவில் போடுற பாச்சை உருண்டை உருகி ஓடுறதில்லை, ஆனா நாளாக ஆகக் கரைஞ்சு காணாமப் போகுது இல்லையா? திடப்பொருள் நேரா ஆவியாகுது. இந்த இங்க்கில் இருக்கிற சாயமும் அதே ஜாதிதான். சூடு பட்டதும் ஆவியாகும். அதே சூட்டில் பாலியஸ்டர் இழைக்குள்ளே மூலக்கூறுகள் கொஞ்சம் விலகி வழிவிடும். ஆவி உள்ளே போய் உட்கார்ந்துக்கும். ஆறினதும் கதவு சாத்திக்கும். சாயம் துணி மேலே ஒட்டலை, துணிக்குள்ளே குடியேறிடுச்சு. அதனாலதான் தடவிப் பார்த்தா பிரின்ட் கைக்கே தட்டுப்படாது. வெடிக்காது, உரியாது. பிரான்ஸில் 1957-ல் நோயல் டி பிளாஸ் என்பவர் கண்டுபிடிச்ச வித்தைன்னு சொல்வாங்க.

நான் பெருமையா என் கறுப்பு காட்டன் டி-ஷர்ட்டை எடுத்து நீட்டினேன். "இதே மாதிரி 64 அடிக்கணும்ணா. லோகோ அஞ்சு கலர்!"

அண்ணன் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏனுங் தம்பி, ஒரே சட்டையில ரெண்டு தப்புங்க"ன்னார்.

தப்பு நம்பர் ஒண்ணு: கறுப்பு. இந்த முறையில் வெள்ளை இங்க்கே கிடையாது. டிசைனில் எங்கெல்லாம் வெள்ளை வேணுமோ, அங்கெல்லாம் துணியோட வெள்ளைதான். கறுப்புத் துணியில் எந்தக் கலரைப் போட்டாலும் கறுப்பு முழுங்கிடும்.

தப்பு நம்பர் ரெண்டு: காட்டன். இதைச் சொல்றதுக்கு அவர் வாயைத் திறக்கலை, தீப்பெட்டியைத் திறந்தார். என் டி-ஷர்ட் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். காகிதம் எரியுற வாசனை. விரலில் தேய்ச்சா பொடிப்பொடியா சாம்பல். அடுத்து ஜெர்சித் துணியில் ஒரு நூல். அது எரியறதுக்கு முன்னாடியே சுருண்டுச்சு, உருகுச்சு, கடைசியில் கடுகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டையாகி இறுகிப்போச்சு. "இதுதாங்க பாலியஸ்டரு. நம்ம சாயம் இதுக்குள்ள மட்டும்தான் போகும். காட்டனுக்குள்ள போகாது. சும்மா மேலாக்க உட்கார்ந்திருக்கும். சோப்புத் தண்ணி பட்டா எந்திரிச்சுப் போயிரும்."

நம்பாத மாதிரி நான் முழிச்சிருப்பேன் போல. ஒரு வெள்ளை காட்டன் துண்டிலும், ஒரு பாலியஸ்டர் துண்டிலும் ஒரே பூவை அடிச்சார். அப்போ ரெண்டுமே ஓரளவுக்கு நல்லாத்தான் இருந்துச்சு! பின்பக்கக் குழாயில் சோப்பு போட்டு நாலு கசக்கு. பாலியஸ்டர் பூ சிரிச்சது. காட்டன் பூ... எங்க 64 மேகங்களோட ஒண்ணுவிட்ட தம்பி. போன வருஷக் கடைக்காரர் என்ன பண்ணினார்னு அந்தக் குழாயடியில்தான் எனக்குப் புரிஞ்சது.

"சரிங்ணா, அப்போ வெள்ளை பாலியஸ்டரிலேயே போட்டுடுங்க"ன்னு பணத்தை எடுத்தேன். அவர் வாங்கலை.

"தம்பி எந்த டிபார்ட்மென்ட்டுங்க?"

"மெக்கானிக்கல்ங்ணா."

"வெல்டிங், பட்டறை எல்லாம் இருக்குமில்லீங்க?" கேட்டுட்டு அந்தக் கடுகு உருண்டையை என் உள்ளங்கையில் வெச்சார். "பொறி பட்டா காட்டன் எரியும், தட்டி விட்டுரலாம். இது உருகித் தோல்ல ஒட்டிக்கும். இதைப் போட்டுக்கிட்டு அங்க நிப்பீங்களா?"

நிப்போம். அதுதான் பிரச்னை. காக்கி யூனிஃபார்ம் துவைக்காத நாளில் டிபார்ட்மென்ட் டி-ஷர்ட்டோடு ஒர்க்‌ஷாப்புக்குள் நைஸா நுழையுறது எங்க பரம்பரைப் பழக்கம். அந்த ஜூனியர் முகம்தான் கண் முன்னாடி வந்துச்சு. 64 சட்டை ஆர்டர் அவருக்குச் சின்ன வியாபாரம் இல்லை. ஆனா ஒரு பேப்பரை எடுத்து, அடுத்த தெருவில் இருக்கிற ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறைக்கு வழி வரைஞ்சு கொடுத்தார். "ரெண்டு கலரோட நிறுத்திக்குங்க. கலருக்கு ஒரு ஃபிரேம், செலவு ஏறும். சூட்டுல நல்லா க்யூரிங் பண்ணச் சொல்லுங்க. அதைச் சரியாப் பண்ணலைன்னா அதுவும் உரியும். முதல்ல ஒரு பீஸ் வாங்கித் துவைச்சுப் பாருங்க. பொறவு மிச்சம்."

சட்டை மேட்டர் முடிஞ்சது. கப் மேட்டர் இருக்கே! என் ஹாஸ்டல் கப்பைப் பார்த்து அவர் இரண்டாவது தடவையா சிரிச்சார். சாதா பீங்கானிலும் இந்தச் சாயம் நுழையாதாம். மேலே பாலிமர் பூச்சு பூசின கப் தனியா வரும், அதில்தான் பிடிக்கும். ஆக, கப்பில் இருக்கிறதும் ஒரு மாதிரி பாலியஸ்டர் சட்டைதான்! கப் அவரே கொடுத்தார். "போட்டோ காட்டுங்க"ன்னார்.

இங்கேதான் அசிங்கமாப்போச்சு. மூணு வருஷமா வாட்ஸ்அப் குரூப்பில் ஆயிரம் போட்டோ கிடக்குது. லேப் அண்ணா தனியா இருக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்லை. லேத்தை ஓட்டக் கத்துக்கொடுத்தவர், நாங்க உடைச்ச டூலை எல்லாம் யாருக்கும் சொல்லாமல் மறைச்சவர். ஒரே ஒரு குரூப் போட்டோவில் ஓரமா, பாதித் தோள் வெட்டுப்பட்டு நிக்கிறார். கப்பைச் சுற்றிப் படம் போட 20 சென்டிமீட்டர் இடம். அங்குலத்துக்கு 300 புள்ளின்னு கணக்குப் போட்டா, அகலத்துக்கு மட்டும் சுமார் 2,360 புள்ளி வேணும். அண்ணா முகம் இருந்தது நாற்பதே புள்ளியில்! பெருசாக்கினா மூக்கு எது, மீசை எதுன்னு தெரியலை.

லேபில் இருந்த ஃப்ரெண்டுக்கு போனைப் போட்டேன். "மச்சி, உடனே அண்ணாவை ஒரு போட்டோ எடு. போட்டோவா அனுப்பாதே, சுருங்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பு!" "அரை மணி நேரம் ஆகும்டா"ன்னான்.

அந்த அரை மணியில் டீ குடிக்கக் கிளம்பினவன், நொய்யல் பாலம் வரைக்கும் நடந்துட்டேன். பனியனுக்குக் கலர் ஏத்தின தண்ணி வருஷக்கணக்கா இந்த ஆத்தில்தான் கலந்துச்சு. காட்டனுக்குச் சாயம் ஏத்த நிறையத் தண்ணி வேணும், நிறைய உப்பும் வேணும். கீழே ஒரத்துப்பாளையம் அணை, விவசாயத்துக்குக் கட்டினது, சாயத் தண்ணி தேங்கும் தொட்டியாகிப் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சுத்தமா வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் திரும்பத் திறந்தன. அண்ணன் கடையில் சாயத்துக்குத் தண்ணியே கிடையாது, பேப்பரும் சூடும்தான். 'அப்போ இதுதானே நல்லது'ன்னு நினைச்சேன். உள்ளங்கையில் அந்தக் கறுப்பு உருண்டை இன்னும் இருந்துச்சு. பாலியஸ்டர்ங்கிறது பிளாஸ்டிக். துவைக்கும்போது அதோட நுண்ணிழை ஆத்துக்குத்தான் போகும். சுலபமான பதில் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பினேன்.

போட்டோ வந்திருந்துச்சு. 'அண்ணா பத்து நிமிஷம் டைம் கேட்டார்டா'ன்னு கூடவே மெசேஜ். முகம் கழுவி, தலை சீவி, லேத்து மேல் ஒரு கையை வெச்சுக்கிட்டு நேரா கேமராவைப் பார்க்கிறார். நாங்க யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு.

"ஃபைலை நீங்களே ரெடி பண்ணுங்க, இன்ஜினீயரு!"ன்னு அண்ணன் சிஸ்டத்தைக் கொடுத்துட்டார். பேர், வேலைக்குச் சேர்ந்த வருஷம் எல்லாம் அழகா அடிச்சேன். பேப்பரைக் கப்பில் சுற்றி, நகராமல் ஹீட் டேப் ஒட்டி, மக் பிரஸ்ஸில் மூணு நிமிஷம். நகர்ந்தா படத்துக்கு இரட்டை நிழல் விழும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உரிச்சா... பேர் கண்ணாடி எழுத்தில் திரும்பியிருக்கு! மிரர் பண்ண மறந்துட்டேன். சாயம் உள்ளே போனது போனதுதான், அழிக்க ரப்பர் கிடையாது. இரண்டாவது கப்பில்தான் சரியா வந்துச்சு. ரெண்டுக்கும் என் பாக்கெட்டிலிருந்து காசு. அந்த முதல் கப் இப்போ என் மேஜையில் பேனா ஸ்டாண்ட்.

நீங்க ஆர்டர் கொடுக்கப் போறீங்களா? ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்துட்டுப் பேசுங்க. வெள்ளை பாலியஸ்டர், விளையாட்டு ஜெர்சி, ஆளுக்கு ஒரு பேர், ஏகப்பட்ட கலர்னா சப்ளிமேஷன் ராஜா. கறுப்பு, காட்டன்னா வேற வழி பாருங்க. முக்கியமா, ஒரு பீஸைத் துவைக்காமல் மொத்தப் பணத்தையும் நீட்டாதீங்க!

ஸ்கிரீன் பட்டறையில் வாங்கின முதல் பீஸை நேரா அந்த ஜூனியர் ரூமுக்குத்தான் கொண்டுபோனேன். போன் எடுக்கலை, ஹலோ சொல்லலை. "போன வருஷம் என் தப்புடா. இதைத் துவைச்சுப் பாரு. நீ ஓகே சொன்னாத்தான் மிச்சம் 63." அவன் ஹாஸ்டல் துவைக்கிற கல்லில் மூணு நாள் அடி அடின்னு அடிச்சான். நாலாவது நாள் வந்து, "நிக்குதுங்ணா"ன்னான்.

லேப் அண்ணாவுக்குக் கப்பைக் கொடுத்தப்போ ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தன் முகத்தை மெதுவாத் தேய்ச்சார்.

"கழுவினா போயிடாதுல்லப்பா?"

"போகாதுங்ணா"ன்னேன். போன வருஷம் 64 பேர்கிட்ட இதையே சொல்லியிருக்கேன். தெரிஞ்சு சொன்னது இதுதான் முதல் தடவை.